முன் சில்லுக்குழியின் நிறம்

புளோறன்ஸுக்கு நிறம் மறக்காது. மற்றதெல்லாம் மறக்கும். வீட்டுத் திறப்பை எங்கே வைத்தாள் என்பது மறக்கும், தேத்தண்ணிக்குச் சீனி போட்டாளா என்பது மறக்கும். இருபத்தைந்தாவது கலியாண நாளன்று கணவர் கேக்கோடு வாசலில் வந்து நின்றபோது, "யாருக்கு பேர்த்டே?" என்று கேட்டவள் அவள். ஆனால் எட்டு வருடத்துக்கு முன் யாரோ ஒருத்தி கொண்டுவந்த சாரியின் கரை என்ன நிறம் என்று கேட்டுப் பாருங்கள், யோசிக்காமல் சொல்லிவிடுவாள்.

வெள்ளவத்தையில், காலி வீதியோரத்துச் சட்டைத்துணிக் கடையொன்றில் அவளுக்கு இருபத்தாறு வருட வேலை. சாரிக்குப் பொருத்தமாகப் பிளவுஸ் துணி எடுத்துக் கொடுப்பதுதான் அது. சாரியை மேசையில் விரித்ததும் தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒருமுறை பார்ப்பாள். பிறகு ஏணியில் ஏறி, நானூறு சுருள்களுக்குள் ஒன்றை உருவிக் கீழே போடுவாள். பொருந்திவிடும். ஒவ்வொரு நிறத்துக்கும் அவளிடம் சொந்தப் பெயர் உண்டு. ‘கோபக்கார ரோசா’, ‘ஆஸ்பத்திரிச் சுவர்’, ‘பொய் வெள்ளை’, ‘ஞாயிற்றுக்கிழமை நீலம்’. கடை முதலாளியே இப்போது மொத்த வியாபாரியிடம் போன் போட்டு, "கோபக்கார ரோசா ரெண்டு ரோல் அனுப்புங்கோ" என்று சொல்லுகிற நிலைமைக்கு வந்துவிட்டார்.

கணவர் கிளைவ் துறைமுகத்தில் கிளியரிங் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறு கிழமையே, கொட்டாஞ்சேனை வீட்டின் சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய பேப்பரை விரித்து, பிளாஸ்டிக் விமானம் ஒட்டத் தொடங்கினார். அந்தப் பேப்பர் இன்னும் எடுக்கப்படவில்லை. மூன்று வருடமாகப் புருசனும் பெண்சாதியும் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறார்கள். வீட்டைக் கூட்டினால் தூசை நேரே கொட்ட முடியாது, அரிதட்டில் அரித்த பிறகுதான் கொட்டலாம். ஒருமுறை அப்படி அரித்ததில் ஒரு விமானியின் தலை கிடைத்தது.

கிளைவ் செய்த விமானங்களிலே அவருக்கு உயிரான ஒன்று இருந்தது. பழைய பிரித்தானியப் பயிற்சி ஜெட். அதன் பெயரையும் இலக்கத்தையும் அவர் எத்தனையோ தரம் சொல்லியும் புளோறன்ஸின் மண்டையில் ஏறவில்லை. மூக்கு மழுங்கி, கண்ணாடிக் கூண்டு அகன்று, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக்கூடிய அந்த உருவத்துக்கு அவள் வைத்த பெயர் தவளை. உண்மையான தவளையை எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி, ஆணி ஆணியாக அப்படியே செய்வதுதான் கிளைவின் வேலை. எல்லாம் முடிந்துவிட்டது, ஒன்றைத் தவிர. விமானம் எழும்பியதும் முன்சில்லு, அதாவது முன்சக்கரம், மடங்கி உள்ளே போகிற குழிக்கு என்ன நிறம்?

கிளைவ் பச்சை என்றார். தெமட்டகொடையில் இருக்கும் பாஹிம், ரெயில்வேயில் படம் கீறுகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர், சாம்பல் என்றார். இருவரும் ஒன்பது பேர் கொண்ட ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தார்கள். ஏழு மாதமாக, மற்றவர்கள் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்லும் நேரத்தில், பாஹிம் ஒரு சாம்பல் சதுரம் அனுப்புவார். கிளைவ் பல் துலக்குவதற்கு முன் ஒரு பச்சைச் சதுரம் அனுப்புவார். மற்ற ஏழு பேரும் பயத்தில் வாய் திறப்பதில்லை.

இதற்குத் தீர்ப்புச் சொல்லக்கூடிய தவளை ஒன்றுதான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பேலியகொடையைத் தாண்டி வத்தளைக்குப் போகும் வழியில் ‘ஸ்கை குயின்’ என்று ஒரு கலியாண மண்டபம். விமானப்படை எப்போதோ கழித்துவிட்டு, பல கை மாறிய ஒரு தவளையை அதன் முதலாளி வாங்கி வாசல் புல்லில் நிறுத்தியிருந்தார். மணமக்கள் ஏறி இருந்து படம் எடுப்பதற்கு. கிளைவ் இரண்டு முறை போன் பண்ணினார், ஒருமுறை நேரிலும் போனார். வாசல் காவலாளி மரியாதையாகச் சிங்களத்தில், "ஃபங்ஷன் தவஸ்வல விதரய், மாத்தயா" என்றான். விசேஷ நாளில் மட்டும்தான், அதுவும் விருந்தாளிக்கு மட்டும்தான். கிளைவுக்குத் தெரிந்த வட்டத்தில் கலியாணம் கட்டுகிற வயதில் ஒருவரும் மிச்சமில்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஒருநாள் கடைக்கு யூஜினா என்ற தெஹிவளை அம்மா வந்தார். வந்த வேகத்திலேயே போனை நீட்டினார்.

"தங்கச்சி, இந்தப் பிளேனுக்கு மச்சிங்கா இருபத்திரண்டு பிளவுஸ் துணி வேணும்."

"பிளேனுக்கா அக்கா?"

"ஓம். என்ர தங்கச்சி மகள் நதீஷாவுக்குக் கலியாணம். ஹோல்ல ஒரு பிளேன் நிக்குது. பொம்பிளை மாப்பிள்ளை அதுக்குள்ள இருக்க, நாங்கள் இருபத்திரண்டு பேரும் சுத்திவர நிண்டு போட்டோ. கலர் அடிபட்டால் ஆல்பம் முழுக்க நாசம்."

புளோறன்ஸ் படத்தைப் பார்த்தாள். தவளை! சாப்பாட்டு மேசையைத் தின்ற அதே தவளை, தலை முதல் வால் வரை இளஞ்செம்மஞ்சள் பூசிக்கொண்டு நின்றது. ‘வெட்கப்பட்ட பப்பாசி’ என்று அவள் மனசுக்குள் சொல்லி, ஏணியில் ஏறி, நாலாவது தட்டிலிருந்து ஒரு சுருளை உருவிப் போட்டாள். யூஜினா துணியைப் போனுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, மகிழ்ச்சியில் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் கட்டாயம் கலியாணத்துக்கு வரவேணும். ஹஸ்பண்டையும் கூட்டிக்கொண்டு!"

அது வாயால் சொல்லுகிற மரியாதை. கார்டு இல்லை, நேரம் சொல்லவில்லை. புளோறன்ஸுக்கு அது நன்றாகத் தெரியும். அதை வீட்டில் போய்ச் சொன்னதுதான் அவள் செய்த பிழை.

"கூப்பிட்டவா தானே?" என்றார் கிளைவ், பசைக் கையோடு எழும்பி.

"சும்மா சொன்னதப்பா. எல்லாரும் சொல்லுறதுதானே."

"‘ஹஸ்பண்டையும்’ எண்டு சொன்னவாவோ இல்லையோ?"

"சொன்னவா…"

"அப்ப என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரித்தான்" என்று சொல்லி அலுமாரியில் கோட்டைத் தேடப் போய்விட்டார்.

சனிக்கிழமை பகல் விருந்து. புளோறன்ஸ் பளபளப்புத் தாளில் சுற்றிய ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முச்சக்கர வண்டியிலிருந்து இறங்கினாள். கிளைவின் கோட்டுப் பைகளுக்குள் ஒரு டோர்ச், பல் வைத்தியர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடி, இரும்பு அடிமட்டம், இரண்டு கமரா. நடக்கும்போது ஒரு வன்பொருள் கடை நடந்துபோகிற சத்தம் கேட்டது. அன்றைக்குக் காற்று பேலியகொடை மீன் சந்தைப் பக்கமிருந்து அடித்தது. மீன் வாசம் வராதிருக்க, மண்டபக்காரர்கள் மல்லிகை சென்ற் அடித்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்து மல்லிகை சூடிய பாரைமீன் போல மணத்தது.

உள்ளே நுழைந்த புளோறன்ஸ் அப்படியே நின்றுவிட்டாள். தவளை பச்சையாக நின்றது. ஒரு சின்னப் பச்சை இல்லை, கிளிப்பச்சை. அதுவும் புத்தம் புதிதாகப் பூசிய எனமல் கிளிப்பச்சை. அதைச் சுற்றி வெட்கப்பட்ட பப்பாசி நிறத்தில் இருபத்திரண்டு பெண்கள், என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பழக்கடை.

"தங்கச்சி!" கூட்டத்தைப் பிளந்துகொண்டு யூஜினா வந்தார். "இதுவா மச்சிங்? நீங்களே சொல்லுங்கோ, இதுவா?"

இருபத்தாறு வருடத்தில் யாரும் புளோறன்ஸிடம் அப்படிக் கேட்டதில்லை. அவளுக்குக் காது மடல் சூடேறியது. கடிகாரத்தைக் கிளைவின் கையில் திணிக்கத் திரும்பினாள், கிளைவ் அங்கே இல்லை. அதை அப்படியே யூஜினாவின் கையில் கொடுத்துவிட்டு நேரே விமானத்தடிக்குப் போனாள். இறக்கையின் ஓரத்தில் விரல் நகத்தை வைத்து ஒரு சுரண்டு சுரண்டினாள். பச்சை தோலாக உரிந்தது. கீழே பப்பாசி.

"இந்தாங்கோ உங்கட கலர்" என்றாள். "ஆரோ மேல பூசியிருக்கினம்."

விட்டுவிடலாம்தான். ஆனால் அவளுக்கு விரல் நிற்கவில்லை. இன்னும் சுரண்டினாள். பப்பாசிக்குக் கீழே வான்நீலம், அதற்குக் கீழே மினுக்கம் போட்ட சிவப்பு, அதற்கும் கீழே தங்கம். வெட்டிய லேயர் கேக் மாதிரி இருந்தது. பத்துப் பதினைந்து கலியாணம் அந்தத் தோலுக்குள் இருந்தது.

மண்டப மனேஜர் ஜவாத் வியர்வையோடு ஓடிவந்தார். "மேடம், மேடம், சொரண்ட வாணாம்! முந்தநாள் ஒரு மெஹெந்தி ஃபங்ஷன். அவங்க பச்ச கேட்டாங்க. திரும்பப் பீச் கலர் அடிக்க மழ உடல்ல, மேடம். போட்டோக்காரர் கம்ப்யூட்டர்ல மாத்தித் தருவார்."

யூஜினாவின் கோபம் முழுக்க ஜவாத் பக்கம் திரும்பியது. புளோறன்ஸ் கணவரைத் தேடினாள்.

கிளைவ் அதற்குள் ஒரு சுற்றுப் போய் முடித்திருந்தார். அந்தச் சுற்றில் அவர் பார்த்ததை வாழ்க்கையில் மறக்கமாட்டார். தவளைக்கு முச்சக்கர வண்டிச் சில்லு போட்டிருந்தார்கள். காற்று உள்ளே போகிற வாய் இரண்டிலும் பிளாஸ்டிக் ஓர்க்கிட் பூ அடைத்திருந்தது. பின்னால் நெருப்புக் கக்கவேண்டிய குழாய்க்குள் புகை மெஷின். உள்ளே இடப்பக்கம் விமானியின் அசல் இருக்கை, வலப்பக்கம் சலூன் நாற்காலி. அவர் நெஞ்சில் கை வைத்து, கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு, எந்தப் பெயின்ற்காரனும் குனிந்து பார்க்காத இடம் ஒன்று இருக்குமென்றால் அது முன்சில்லுக்குழிதான் என்ற நம்பிக்கையில், கோட்டோடு புல்லில் மல்லாக்கப் படுத்து மூக்குக்கு அடியில் நுழைந்தார். வெளியே இரண்டு சப்பாத்து மட்டும் தெரிந்தது. போகிறவர்கள் பிளேன் திருத்துகிற ஆள் என்று நினைத்து விலகிப் போனார்கள். ஒரு வெயிட்டர் அவருடைய வயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு சர்பத் வைத்துவிட்டுப் போனான்.

பாண்ட் வாத்தியம் முழங்க மணமக்கள் வந்தார்கள். நதீஷா மெல்லிய பெண், ஆனால் அவளுடைய வெள்ளைக் கவுன் மட்டும் மூன்று பேருக்குப் போதும். மாப்பிள்ளை அபிஷன் மூன்று துண்டுக் கோட் சூட்டில் ஏற்கனவே அவிந்துபோயிருந்தான். ஏணி வைத்து இருவரையும் ஏற்றி, கவுனை அமத்தி அமத்தி உள்ளே அடைத்து, நாலு வெயிட்டர்மார் கண்ணாடிக் கூண்டை முன்னுக்குத் தள்ளி மூடினார்கள். புகை மெஷின் இருமியது. பப்பாசிப் பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றிவர நின்றார்கள். போட்டோக்காரர் ஸ்டூலில் ஏறினார்.

படம் எடுத்து முடிந்தது. வெயிட்டர்மார் கூண்டைப் பின்னுக்கு இழுத்தார்கள். வரவில்லை. முந்தநாள் எனமல் உச்சி வெயிலில் இளகி, கூண்டின் விளிம்பைப் பசை மாதிரிப் பிடித்திருந்தது. இன்னும் இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள். விமானம் ஆடியது. கூண்டு அசையவில்லை.

உள்ளே நதீஷா கண்ணாடியில் தட்டி, "எடுங்கோ! எடுங்கோ!" என்று கத்தினாள். தங்களை வெளியே எடுக்கச் சொல்லித்தான் கத்தினாள். பாண்ட் சத்தத்தில் குரல் கேட்கவில்லை, வாயசைப்பு மட்டும் தெரிந்தது. போட்டோக்காரர் பெருவிரலை உயர்த்திக் காட்டி, இன்னும் முப்பது படம் எடுத்தார். அபிஷன் இரண்டு கையையும் தூக்கிக் கூரையைத் தள்ளினான். அவன் பைலா ஆடுகிறான் என்று நினைத்து, மாப்பிள்ளை வீட்டார் கைதட்டி, தாங்களும் ஆடத் தொடங்கினார்கள்.

புளோறன்ஸ் மட்டும் ஆடவில்லை. அவள் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறும்போது அந்தக் கன்னம் ‘முதல் நாள் செம்பரத்தை’. இப்போது இரண்டு படி ஏறி, ‘கோபக்கார ரோசா’வையும் தாண்டி, பீற்றூட்டுக்குப் பக்கத்தில் போய்விட்டது. எந்தப் பவுடரும் அப்படி மாறாது.

"நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினாள். "பிள்ளை அவியுது! உள்ள மாட்டிக்கொண்டுதுகள்!"

பாண்ட் நின்றது. யூஜினா கடிகாரத்தைக் கட்டிப்பிடித்தபடி "யேசுவே!" என்றார். ஜவாத் சுத்தியல் கேட்டார். கண்ணாடியை உடைத்தால் பெண்ணின் மடியில்தான் விழும் என்று யாரோ சொல்ல, சுத்தியல் வேண்டாம் என்றார். புளோறன்ஸ் ஓடிப்போய் விமானத்தின் மூக்கடியில் தெரிந்த கிளைவின் இரண்டு சப்பாத்தையும் பிடித்து இழுத்தாள். சப்பாத்து மட்டும் கையோடு வந்தது. பிறகு கணுக்காலைப் பிடித்து இழுத்தாள்.

"புளோறி! பச்சைதான்!" என்று சொல்லிக்கொண்டே கிளைவ் வெளியே வந்தார். "நூற்றி நாற்பது போட்டோ எடுத்திட்டன்! பாஹிமுக்கு இண்டைக்கு…"

"பாஹிமை விடுங்கோ. மூடி திறக்குதில்லை. வெளியால திறக்க ஏதும் இருக்கோ?"

கிளைவ் நிமிர்ந்து, ஆறுபேர் இழுக்கும் கூண்டைப் பார்த்தார். அந்தக் கணத்தில் அவர் முகத்தில் வந்த தெளிவைப் புளோறன்ஸ் அதற்கு முன் கலியாணக் கோயிலில்தான் பார்த்திருக்கிறாள்.

"இருக்கு. அவசரப் பிடி. இடப்பக்கம், ஒரு குட்டி மூடிக்குள்ள. கண்ணாடி விளிம்பிலிருந்து கீழ மூண்டு மில்லிமீற்றர், முன்னுக்கு ஏழு மில்லிமீற்றர்."

சொல்லிவிட்டு வெறும் காலுறையோடு ஏணியில் ஏறி, விளிம்புக்கு ஒரு அரிசி அளவு கீழே நகத்தால் தடவத் தொடங்கினார். "இங்கதானே இருக்கவேணும்… நானே ஒட்டினனான்…"

"இறங்குங்கோ" என்றாள் புளோறன்ஸ். "அது வீட்டில இருக்கிற குட்டிப் பிளேன். இது தாய்."

கிளைவ் ஒரு நொடி அவளைப் பார்த்தார். "எழுபத்திரண்டால பெருக்கவேணும்" என்றார், மிகவும் சின்னக் குரலில்.

புளோறன்ஸ் அதற்குள் பெருக்கிவிட்டாள். துணிக்கடையில் நிற்கிறவளுக்கு வாய்ப்பாடு வாயில் நிற்கும். மூன்று எழுபத்திரண்டு இருநூற்றுப் பதினாறு, ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைய. ஏழு எழுபத்திரண்டு ஐந்நூற்று நாலு, அரை மீற்றர். அரை மீற்றரை அவள் ஒருநாளைக்கு அறுபது தரம் அளக்கிறாள். சாரித் தலைப்பை இழுத்துப் பிடித்து முன்னுக்கு அரை மீற்றர், பிறகு விரலை விரித்துக் கீழே ஒரு சாண். அந்த இடம் வெறும் பச்சை. ஒரு கோடுகூடத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவினாள். துணியில் இழை ஓடுவது தட்டுப்படுவதுபோல், ஒரு சதுரம் மெல்லத் தட்டுப்பட்டது.

"ஆரிட்டையாவது ஊசி?"

இருபத்திரண்டு பப்பாசிகளும் ஒரே நேரத்தில் தங்கள் சாரியிலிருந்து ஊசி உருவி நீட்டின. புளோறன்ஸ் ஒன்றை வாங்கி, சதுரத்தின் நாலு ஓரமும் தையல் பிரிப்பதுபோல் கீறினாள். பச்சை, பப்பாசி, நீலம், சிவப்பு, தங்கம் எல்லாம் ஒரு தோலாகக் கழன்று வந்தது. மூடி திறந்தது. உள்ளே ஒரு பிடி. கிளைவ் இரண்டு கையாலும் இழுத்தார். எங்கேயோ ‘டக்’ என்றது. ஆறு வெயிட்டர்மாரும் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருந்ததால், கூண்டு ஒரேயடியாக வழுகிப்போக, ஆறு பேரும் புல்லில் விழுந்தார்கள்.

கவுன் முதலில் வெளியே பொங்கியது. பிறகு நதீஷா. அவள் அழுவாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் விக்கி விக்கிச் சிரித்தாள். அபிஷன், "தண்ணி" என்றான். கலியாணம் முடிந்து அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று பிறகு குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அவனுக்கு ஒருவர் கிளைவின் சர்பத்தை எடுத்துக் கொடுத்தார்.

எல்லோரும் கிளைவைத் தூக்காத குறை. மாப்பிள்ளை வீட்டார் அவர் பெண் வீட்டு மாமா என்று நினைத்தார்கள். பெண் வீட்டார் அவரை விமானப்படை ஆள் என்று நினைத்தார்கள். அவருக்கோ அது ஒன்றும் விளங்கவில்லை.

"புளோறி, ஒருக்கால் குனிஞ்சு பாரும். நீர் பார்த்துச் சொன்னால்தான் பாஹிம் நம்புவார்."

புளோறன்ஸ் கைப்பையிலிருந்து நூல்களின் நிறமாதிரிப் புத்தகத்தை எடுத்து, சாரியை ஒதுக்கி முழங்காலிட்டு, டோர்ச்சை அடித்து உள்ளே பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். இரண்டு நூலைப் பிடித்துப் பார்த்து இரண்டையும் தள்ளினாள்.

"பச்சையுமில்லை, சாம்பலுமில்லை. அவிச்சு ஆறவைச்ச பாசிப்பயறு."

"அப்ப பச்சை தானே?"

"ஆறின பயறு எண்டு சொல்லுறன். சூட்டோட எண்டால் நீங்கள் சரி. ஆறினதால பாஹிமும் பாதி சரி."

யூஜினா பின்னாலிருந்து, "எனக்கும் ஒருக்கால் காட்டுங்கோ" என்றார். அவருக்குப் பின்னால் வரிசை கட்டிவிட்டது. பட்டுச் சாரிகளோடு ஒவ்வொருவராக முழங்காலிட்டு முன்சில்லுக்குழியைப் பார்த்து அபிப்பிராயம் சொன்னார்கள். பிஸ்தா என்றார் ஒருவர். பழைய பள்ளிக்கூட யன்னல் என்றார் இன்னொருவர். மாப்பிள்ளையின் தகப்பன் இராஜநாயகம், தன் கண்ணில் சத்திரசிகிச்சை செய்த டொக்டரின் உடுப்பு நிறம் என்று அடித்துச் சொன்னார். ஜவாத் புரியாணி ஆறுகிறது என்று மூன்று தரம் வந்து கெஞ்சிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை கடை திறந்த கையோடு ஒரு மெலிந்த மனிதர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். பாஹிம். ஏழு மாதமாக ஒருநாளும் நேரில் வராதவர்.

"மேடம், கிளைவ் சொன்னார். நான் அவரட போட்டோவ நம்பல்ல. ஒங்கட வாய்ப் பேச்ச நம்புறேன். அந்தப் பயறுத் துணி ஒரு கால் மீற்றர் வெட்டித் தாங்க."

புளோறன்ஸ் வெட்டிக் கொடுத்தாள். பாஹிம் அதை வெயிலில் பிடித்து, கண்ணாடியைக் கழற்றி, மறுபடி போட்டு, கடைசியில் கவனமாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அந்தக் கிழமைக்குள் மற்ற ஏழு பேரும் வந்தார்கள், கால் கால் மீற்றராக. ஒருவருக்கும் லைனிங் தேவைப்படவில்லை. கடை முதலாளி கடைசிவரை எதுவும் கேட்கவில்லை, ஆனால் மொத்த வியாபாரியிடம் ‘ஆறின பயறு’ ஒரு ரோல் சொல்லிவிட்டார்.

கிளைவ் அந்த நிறத்தைக் குழைக்க ஒன்பது நாள் எடுத்தார். ஒற்றை மயிர்த் தூரிகையால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, நகத்தளவு குழிக்குள் ஓடும் குட்டிக் குழாய்களை ஒவ்வொன்றாகப் பூசினார். பத்தாம் நாள் முன்சில்லுக் காலைப் பொருத்தப்போகும்போது தும்மல் வந்தது. சில்லுக்கால் பறந்தது. வீட்டை மூன்று தரம் கூட்டி, மூன்று தரம் அரித்தார்கள். இரண்டு பொத்தானும் ஒரு பழைய முத்திரையும் கிடைத்தன. சில்லுக்கால் கிடைக்கவில்லை.

கிளைவ் விமானத்தைத் தலைகீழாகத் திருப்பிக் கையில் பிடித்தார்.

"காலில்லாமல் நிறுத்த ஏலாது" என்றார் கடைசியில். "பறக்கிற மாதிரித்தான் வைக்கவேணும். பறக்கிற நேரம் குழிக் கதவு பூட்டியிருக்கும். உள்ளுக்கு இருக்கிறது ஒருத்தருக்கும் தெரியாது."

புளோறன்ஸ் மடியில் இருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பி வந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிக் குழிக்குள் பார்த்தாள்.

"நிறம் சரி" என்றாள். "பூட்டுங்கோ."

கிளைவ் குழிக் கதவில் ஒரு துளி பசை வைத்து மூடி, காயும்வரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.